பத்து வில்லும் ஒரு பானைச் சவுக்கார நீரும்

கமண்டல நாகநதி தன் அகன்ற மணற்படுக்கையின் ஓரத்தில் ஒரு கோட்டளவு நீரை மட்டும் தனக்கென ஒதுக்கிக்கொண்டு எஞ்சியதையெல்லாம் பங்குனி வெயிலுக்கு விட்டுக்கொடுத்துப் படுத்திருக்க, கரையோர நெல்லாலைகள் உமிப்புகையை ஊதி வானத்துக்குச் சாம்பல் பூச, போளூர்ச் சாலையில் வந்த முதற் பேருந்து கோழிக்கூடைகளையும் குடும்பங்களையும் ஒருங்கே இறக்கிவிட்டு இருமிக்கொண்டே நகர, ஆரணி நகர் கண்விழித்தது. மற்ற நாள்களில் அந்நேரத்துக்கெல்லாம் நெசவுத் தெருக்களில் தறிக்குழிக்குள் இறங்கிய கால்கள் மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிக்க, ஊடிழை சுமந்த ஓடம் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடி ஓடி இளைக்க, வீட்டுக்கு வீடு எழும் தறியோசை ஒன்றோடொன்று மோதித் தெருவையே அதிரச் செய்யும். ஆனால் நாம் காணும் நாளோ அமாவாசை. மாதத்தில் அந்த ஒரு நாள் பட்டு நெய்வோர் தறியைத் தொடமாட்டார்கள். ஓசைக்குப் பழகிய செவிகள் அன்று அமைதி தாங்காமல் தவிக்கும். வேலைக்குப் பழகிய கைகளோ அதனினும் மிகுதியாகத் தவிக்கும். அன்பரே, இக்கதை அப்படித் தவித்த இரண்டு கைகளால் விளைந்தது.

அக்கைகளுக்கு உரியவர் வீரபாகு. நாற்பத்தைந்து அகவை நிரம்பியவர். சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி ஓடங்களால் நெய்து இரண்டையும் இழைக்கு இழை பூட்டும் கோர்வை வேலையில் அவருக்கு நிகர் அத்தெருவில் இல்லை என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எப்பொருளைக் கண்டாலும் அதில் ஒரு குறையைக் கண்டு, கண்ட குறையை யாரையும் கேளாமல் உடனே திருத்திவிடுவது அவருடைய பிறவிக்குணம். மைத்துனன் மகள் திருமணத்தில் பந்தற்கால் கோணலென்று தாலி கட்டும் நேரத்தில் அதை அசைத்துப் பார்த்து, பந்தலின் பாதியை மணமகன் தலையில் இறக்கியவர். முடிதிருத்துபவரின் கை சரியில்லையென்று கத்தரியைப் பறித்துக் கண்ணாடி பார்த்துத் தம் தலையைத் தாமே திருத்தி, பிறகு இரண்டு திங்கள் தலைப்பாகையோடு திரிந்தவர். ஆயினும் ஒவ்வொரு முறையும் அவர் நல்லெண்ணத்தோடுதான் கைவைத்தார் என்பதை அவருடைய பகைவரும் ஒப்புக்கொள்வர். அதுவே அவரிடம் யாரும் சண்டையிட முடியாமற் போனதற்கும் காரணம்.

எழுபதுகளின் கடைக்கூற்றில், வேலூரைச் சேர்ந்த இசை மன்றம் ஒன்று, கருவி வாங்க வழியில்லாத சிற்றூர்ப் பிள்ளைகளும் நரம்பிசை பயிலவேண்டும் என்று எண்ணி, பத்துப் பிடில்களை ஒரு மரப்பெட்டியில் அடுக்கி ஆரணிக்கு அனுப்பிவைத்தது. ஊரார் அதைப் பிடில் என்பர். நாம் செந்தமிழுக்கு வாக்குப்பட்டவர்களாதலால் இக்கதை முடியும்வரை வில்யாழ் என்போம். பெட்டியோடு ஒரு கட்டளையும் வந்தது. ஆறு திங்கள் கழித்து மன்றத்தின் செயலர் நேரில் வருவார். பிள்ளைகள் வாசித்துக் காட்டவேண்டும். வாசித்தால் பத்தும் என்றென்றைக்கும் ஆரணிக்கே சொந்தம். வாசிக்காவிட்டால் வந்த பெட்டியிலேயே ஏறி வேறோர் ஊருக்குப் போய்விடும்.

கற்பிக்க இடம் வேண்டுமென்று மன்றம் நெசவுத் தெருவின் பசனைக்கூடத்தைக் கேட்டது. கூடத்தின் சாவியைக் காத்து வந்த வீரபாகு, வேலூரிலிருந்து அச்சடித்த தாளில் கடிதம் வந்த பெருமையில், முழுதும் படிக்காமலே இசைவு எழுதிக் கையொப்பமிட்டார். கற்பிக்க வருபவள் ஆற்றங்கரைக் குடியிருப்பில் கூலிக்கு நாற்று நட்ட முனியம்மாவின் மகள் ஆதிலட்சுமி என்பதும், சென்னை இசைக் கல்லூரியில் உதவித்தொகையில் பயின்று திரும்பிய இருபத்துமூன்று அகவைப் பெண் என்பதும், அவளுடன் அக்குடியிருப்பின் பிள்ளைகள் பதினைவரும் வருவார்கள் என்பதும் கடிதத்தின் மறுபக்கத்தில் இருந்தன. அதை அவர் படித்தபோது அவருடைய ஒரே மகள், ஒன்பது அகவை லீலா, கூடத்தின் முதல் வரிசையில் சப்பணமிட்டு அமர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கையொப்பத்தை அழிக்க வழியில்லாத வீரபாகு, தம் வழக்கப்படி, ஒரு திருத்தம் மட்டும் செய்தார். கூடத்தில் ஒரு பாய் விரித்திருந்த இடத்தில் இரண்டு பாய் விரிக்கச் சொன்னார். தெருப்பிள்ளைகளுக்கு ஒன்று, ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு ஒன்று, நடுவில் ஒரு முழம் வெறுந்தரை.

ஆதிலட்சுமி பாய்களை அப்படியே விட்டுவிட்டாள். முப்பது பிள்ளைகளுக்குப் பத்துக் கருவிகளே இருந்தமையால், அவள் மூவருக்கு ஒரு வில்யாழ் கொடுத்தாள். ஒரு பிள்ளை இடக்கையால் நரம்பில் விரல் பதிக்க வேண்டும். ஒரு பிள்ளை வலக்கையால் வில்லை இழுக்க வேண்டும். மூன்றாம் பிள்ளை தொடையில் தாளம் தட்டிச் சுரத்தைப் பாடவேண்டும். நாழிகைக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். விரல் பதிக்க ஒரு பாயிலிருந்தும் வில் இழுக்க மறுபாயிலிருந்தும் அவள் பிள்ளைகளைப் பொறுக்கினாள். ஆகவே லீலாவின் விரலும், கூத்தாடி காத்தவராயன் மகள் அம்மணியின் வில்லும் சேர்ந்தால்தான் ஒரு சுரம் பிறக்கும். முழம் வெறுந்தரை அப்படியே இருந்தது; அதன்மேல் பத்து வில்யாழ்கள் பாலமாகக் கிடந்தன. கூடத்துத் தூணருகே நின்று இதைக் கண்ட வீரபாகு, தாம் தோற்றோமா வென்றோமா என்று தெரியாமல் வீடு திரும்பினார்.

ஆறு திங்களில் வீட்டின் நிலை மாறிப்போயிற்று. லீலா ஓடத்துக்கு இழை ஏற்றும் தார் சுற்றும்போது இராட்டினத்தின் சுழற்சிக்கு ஏற்பச் சுரம் பாடினாள். தறியின் நெசவுமரத்தில் விரல் பதித்துப் பழகினாள். மாலை வகுப்பு முடிந்து அவள் வரும் வழியைப் பார்த்து வாயிலில் நிற்பது வீரபாகுவின் வழக்கமாகி, வெற்றிலை வாங்குவதற்காக நிற்பதாக அவர் சொல்லிக்கொண்டார். செயலர் வரவிருந்த வாரத்தில் ஒருநாள் அவள் இராட்டினத்தை நிறுத்திவிட்டுத் தந்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நைனா, ஞாயித்துக்கெழம நாங்க சரியா வாசிக்கலன்னா பிடில எத்துகினு பூடுவாங்களாம். பிடிலு போச்சுன்னா நானு தாரு சுத்தமாட்டேன், சொல்ட்டேன்."

மகள் தார் சுற்றாவிட்டால் ஓடத்துக்கு இழை இல்லை, ஓடம் ஓடாவிட்டால் சேலை இல்லை என்று வீரபாகு வெளியே கணக்குச் சொன்னார். உள்ளே அவருக்கு இருந்த அச்சம் வேறு. அந்த வீட்டில் ஆறு திங்களாகக் கேட்டுவந்த சிறு குரல் நின்றுவிடுமே என்பதுதான் அது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாத ஆடவர்கள் வேறு ஏதாவது ஒன்றைச் செய்துவைப்பார்கள்.

வந்தது அமாவாசைச் சனிக்கிழமை. மறுநாட்காலை செயலர் வருகிறார். போளூர்ப் பள்ளியில் இசையாசிரியையாகவும் இருந்த ஆதிலட்சுமி அன்று அங்கே போயிருந்தாள். தறி ஓய்ந்திருக்க, கை அரிக்க, வீரபாகு சாவியை எடுத்துக்கொண்டு, கூடம் தூய்மையாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார். பார்த்தார், பெருக்கினார், விளக்கைத் துடைத்தார். பிறகு, கூடத்துச் சாவியோடு தம்மிடமே இருந்த பெட்டிச் சாவியால் பெட்டியைத் திறந்தார்.

வில்யாழ்கள் குறையில்லாமல் இருந்தன. வில்களைக் கண்டதும்தான் அவருக்கு நெஞ்சு பதைத்தது. ஒவ்வொரு வில்லிலும் நீளக் கட்டியிருந்த குதிரை வாலின் மயிர், வெள்ளைத் தூள் படிந்து, விரலால் தொட்டால் பிசுபிசுவென ஒட்டிற்று. பெட்டியின் மூலையில் அழுக்குத் துணியில் சுற்றிய தேன்நிறக் கட்டி ஒன்றும் கிடந்தது. ஆதிலட்சுமி நாள்தோறும் அக்கட்டியால் வில்லை மேலும் கீழும் தேய்ப்பதை அவர் கண்டிருக்கிறார். அழுக்கைப் போக்கத் தேய்க்கிறாள் என்றும், தேய்க்கத் தேய்க்க அழுக்கு கூடுகிறதே, பாவம், படித்த பெண்ணுக்கு இழையைத் துலக்கத் தெரியவில்லையே என்றும் அவளுக்காக இரங்கியும் இருக்கிறார்.

பட்டோடு பிறந்து வளர்ந்தவர்க்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. கூட்டிலிருந்து எடுத்த பச்சைப் பட்டு விறைப்பாக, மங்கலாக, கோந்து பூசினாற்போல் இருக்கும். அதைச் சவுக்காரமும் சோடாவும் கரைத்த கொதிநீரில் அமிழ்த்தி வேகவைத்தால் கோந்து கழன்று, இழை மென்மையாகிப் பளபளக்கும். பிசின் போனால்தான் பட்டு. ஏழு தலைமுறையாக இதை அறிந்த குடியில் பிறந்த வீரபாகுவுக்கு, பிசினோடு கிடக்கும் இழையைக் கண்டும் வாளாவிருப்பது பசித்த பிள்ளையைக் கண்டும் சோறு போடாதிருப்பதைப் போன்றது. பத்து வில்லையும் கட்டித் தோளில் வைத்து, அந்தக் கட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு வீடு வந்தார்.

அடுப்பில் பெரிய பானை ஏறுவதைக் கண்ட அவர் மனைவி கமலம் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க இது? அமாசையில பட்டு வேக வெக்கிறீங்க?"

"பட்டு இல்லடி. வில்லு. எவ்ளோ பிசினு பாரு. நாளைக்கி வேலூர் ஆபீசரு வந்து கையில எட்துப் பாத்தா ஊரு மானம் போவும்."

"அந்த டீச்சர ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இதுல கேக்கறதுக்கு இன்னா கீது? அந்தப் பொண்ணுக்கு பாட்டு தெரியும், எனக்கு எழ தெரியும்."

கமலம் இருபது ஆண்டு இல்லறத்தில், எப்போது பேசிப் பயனில்லை என்பதை நன்கு கற்றிருந்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீரபாகுவின் கைத்திறனை இங்கே குறைத்துச் சொன்னால் நமக்குப் பாவம் சேரும். ஒவ்வொரு வில்லின் அடித்திருகையும் நோகாமல் தளர்த்தி, பானையின் வாயில் இரண்டு மூங்கில்களைக் கிடத்தி, அவற்றின்மேல் மரத்தண்டுகளை வைத்து, மயிர் மட்டும் நீரில் தொங்கும்படி அமைத்தார். கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டிலேயே நெடுநேரம் வைத்தார். இடையில் அடுப்பு அணைவதுபோல் தோன்றவே, கைக்கு எட்டிய தூரத்தில் கிடந்த அந்தத் தேன்நிறக் கட்டியை, இவ்வளவு அழுக்குக்கும் நீதானே காரணம் என்று துணியோடு சேர்த்து உள்ளே எறிந்தார். அடுப்பு குபீரென்று பற்றி எரிந்தது. கோயிலில் தூபம் போட்டாற்போல் வீடெங்கும் மணம் கமழ்ந்தது. அது நற்குறி என்று கருதி அடுப்பைக் கும்பிட்டார். பின்பு மூன்று நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பாவு நீவும் தூரிகையால் ஒரு மயிர் மற்றொன்றின்மேல் ஏறாமல் சீவிச் சீவி, திருகை மீண்டும் முடுக்கியபோது, பத்து வில்லிலும் வெண்பட்டின் ஒளி ஓடிற்று. பெட்டியில் அவற்றை அடுக்கிப் பூட்டிவிட்டு, அன்றிரவு வீரபாகு நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பசனைக்கூடம் நிரம்பி வழிந்தது. உள்ளே நெசவுத் தெருவின் பெற்றோர்; வெளி முற்றத்தில், வழக்கம்போல, ஆற்றங்கரைப் பெற்றோர். அவர்கள் நடுவே காத்தவராயன் நின்றான். போளூரை அடுத்த திருமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் விடிய விடிய அரக்கன் வேடம் கட்டி ஆடிவிட்டு, மகள் வாசிப்பதைத் தவறவிடக்கூடாதென்று முகத்தைப் பாதி கழுவியும் கழுவாமலும் ஓடிவந்தமையால், அவனுடைய இடக்கன்னம் காத்தவராயனாகவும் வலக்கன்னம் பச்சை அரக்கனாகவும் இருந்தது. செயலர் அருணாச்சலம் எட்டரை மணிப் பேருந்தில் வந்து இறங்கினார். தங்கச் சட்டக் கண்ணாடியும் மடித்த அங்கவத்திரமும் அணிந்த முதியவர். திரும்பிப் போகும் பேருந்து பத்தரைக்கு என்பதை இறங்கியவுடன் கேட்டுத் தெரிந்துகொண்டவர். ஆதிலட்சுமி அவரை நிலையத்திலிருந்து அழைத்துவந்து அமர்த்திய பின்னரே, வீரபாகு பூட்டை நீக்கித் தர, பெட்டியைத் திறந்தாள். வில்களின் ஒளியைக் கண்டு அவள் புருவம் ஒருமுறை சுருங்கிற்று. ஆராய நேரமில்லை. பிள்ளைகள் மும்மூவராக அமர்ந்தார்கள், லீலா விரலை வைத்தாள், அம்மணி வில்லை வைத்தாள், ஆதிலட்சுமி கையசைத்தாள்.

பத்து வில்களும் ஒருசேர இழுபட்டன. ஓசை எழவில்லை.

பாயில் எறும்பு ஊர்ந்தால் எழும் அளவுக்கு ஏதோ ஒரு சரசரப்பு கேட்டது, அவ்வளவே. மூன்றாம் பிள்ளைகள் பதின்மரும் உரக்கச் சுரம் பாடித் தாளம் தட்டினார்கள்; விரல்கள் சரியான இடங்களில் விழுந்து எழுந்தன; வில்கள் அழகாக மேலேறிக் கீழிறங்கின; நரம்புகள் மட்டும் ஊமையாக இருந்தன. அருணாச்சலம் முதலில் தம் செவியை ஐயுற்றார். வலச்செவியில் விரலைவிட்டுக் குடைந்தார். இடச்செவியைக் கையால் குவித்து முன்னே சாய்ந்தார். அண்மையில் தும்மிய ஒருவரின் தும்மல் நன்றாகக் கேட்டதும், குறை தம்மிடம் இல்லை என்று தெளிந்து பெருமூச்சு விட்டார். பிள்ளைகளோ கையில் வலு போதவில்லை என்று எண்ணி மேலும் அழுத்தி இழுத்தார்கள். வீரபாகுவும், தம் பங்குக்கு, கூட்டத்தின் பின்னாலிருந்து "அழுத்தி, அழுத்தி" என்று கையால் காட்டினார்.

ஆதிலட்சுமி ஒரு வில்லை வாங்கி மயிரின்மேல் விரலை ஓட்டினாள். விரல் வழுக்கிற்று. பெட்டியின் மூலையைத் தடவினாள், கட்டி இல்லை.

"யாரு இத கழுவினது? பிசினு இல்லாம எப்பிடி நரம்பு பேசும்? அதான வில்லோட உயிரு!"

அப்போது லீலா வில்லை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். சவுக்காரமும் சோடாவும் கலந்த அந்த மணம், பட்டு வேகும் வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகத் தெரிந்த மணம். அவளைக் கண்டு மற்ற தெருப்பிள்ளைகளும் முகர்ந்தார்கள். பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், பதினைந்து தலைகள் மெல்லத் திரும்பி வீரபாகுவை நோக்கின. லீலாவின் கண்களில் நீர் திரண்டு நின்றது.

அருணாச்சலம் கடிகாரத்தைப் பார்த்தார். தாளை எடுத்து எழுதுகோலின் மூடியைக் கழற்றினார். "ஆறு மாதம் கொடுத்தோம், அம்மா. பிள்ளைகள் கையசைக்கக் கற்றிருக்கிறார்கள். வாசிக்கக் கற்கவில்லை என்றுதான் நான் எழுதியாக வேண்டும்."

ஆதிலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். குற்றம் யாருடையது என்று அவள் அறிந்துகொண்டாள். சாவி ஒருவரிடம்தானே இருந்தது! ஆயினும் அத்தெருவில், அக்கூடத்தில், அவரைக் கைகாட்டிப் பேசினால் நாளை தன் பிள்ளைகள் பதினைவருக்கும் இக்கதவு அடைபடும் என்று அஞ்சினாள். வீரபாகுவுக்கு வழி எளிதாகவே இருந்தது. அவர் பேசாமல் இருந்தால் போதும், பெட்டி போய்விடும், பழி அவளோடு போய்விடும். அந்த எளிய வழியில் அவருடைய கால் ஒருகணம் நின்றதையும் நாம் மறைக்கலாகாது. அப்போது மகளின் கண்ணில் நின்ற நீர் கன்னத்தில் இறங்கிற்று. அவர் எழுந்தார்.

"ஐயா, எழுதாதீங்க. நான்தாங்க கழுவினேன். நேத்து. சவுக்காரம் போட்டு. அந்தப் பிசினு கட்டியக்கூட அடுப்புல போட்டுட்டேன்." ஆதிலட்சுமியின் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் அவளை அவ்வாறு அழைத்தது அதுவே முதல்முறை. அதைப் பாராட்ட யாருக்கும் நேரமில்லை. ஏனெனில் முற்றத்திலிருந்து பாதிப் பச்சை முகம் ஒன்று கேட்டது.

"ஒண்ணு கேக்கறேன் ஐயா, கோச்சிக்காதீங்க. எங்க பசங்க கை பட்ச்சின்னு கழுவினீங்களா?"

இரண்டு பாய்களுக்கு நடுவே இருந்த முழ அகல வெறுந்தரையை எல்லாரும் அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வீரபாகுவும் பார்த்தார். இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்? பாயைப் பிரித்தவர் அவரே அல்லவா? தம்மையே தாம் நம்பலாமா என்றுகூட அவருக்கு ஓர் ஐயம் எழுந்து, அது பந்தல் விழுந்த அன்றைக்கும் உண்டாகாத வெட்கத்தை உண்டாக்கிற்று.

"பாய பிரிச்சவன் நான்தாம்பா. அத இல்லன்னு சொல்ல மாட்டேன்," என்றார் மெல்ல. "ஆனா இது அதுக்கில்ல. பிசினு ஒட்டிகினு இருந்தா எங்களுக்கு கை சும்மா இருக்காது. பட்டுன்னு நெனச்சிட்டேன். மெய்யா சொல்றேன், பட்டுன்னுதான் நெனச்சேன்."

காத்தவராயன் கையை நீட்டி, வாயிற்படிக்கு வெளியே நின்றபடியே, மகள் கொண்டுவந்த வில்லை வாங்கினான். வெயிலில் உயர்த்திப் பார்த்தான். இருநூறு மயிரும் இருநூறு தனிக்கோடாக, ஒன்றோடொன்று உரசாமல் ஒளிர்ந்தன. அவனும் ஒரு வேலைக்காரன். அரக்கனின் சடைமுடியைத் தன் கையாலேயே சிக்கெடுத்துச் சீவுகிறவன். வேண்டாவெறுப்பாகச் செய்த வேலைக்கும் மனம் வைத்துச் செய்த வேலைக்கும் வேறுபாடு அறிந்தவன்.

"வெறுத்துகினு இப்பிடி ஒருத்தன் சீவ முடியாது," என்று தீர்ப்பளித்தான். பிறகு பச்சைக்கன்னம் மடிய நகைத்தான். "எங்க ராசா வேசத்து முடியக்கூட எவனும் இப்பிடி சீவினதில்ல ஐயா! சரி, பிசினுதான வேணும்? ஏம்மா ஆதிலட்சுமி, குங்கிலியம் ஆவுமா?"

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப்பையை அவிழ்த்தான். கூத்தில் அரக்கன் களம் புகும்போது தீவட்டியின்மேல் குங்கிலியப் பொடியை வீசினால், தீப்பிழம்பு ஆளுயரம் எழுந்து முன்வரிசைப் பிள்ளைகளைத் தாய்மடிக்குள் துரத்தும். நேற்றைய அரக்கனுக்குப் போக மீதி அப்பையில் இருந்தது. ஆதிலட்சுமி பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். மரப்பிசின்தான், கரடுமுரடானது, ஆயினும் பிசின்.

"ஆவும் மாமா! துணியில வெச்சி அழுத்தித் தேச்சா ஆவும்!"

அவன் படியில் ஒரு காலை வைத்துத் தயங்கினான். அந்தப் படியில் தயங்கிப் பழகிய காலாயிற்றே! வீரபாகுவுக்கோ பத்தரை மணிப் பேருந்து ஒன்றே கண்ணில் நின்றது.

"இன்னாய்யா நின்னுகினு கீற? அவரு பஸ்ஸு பூடும்! ஜல்தி உள்ள வாய்யா!"

கூடம் கட்டிய நாள்முதல் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்பதை அவர் உணரவில்லை. உணர்ந்த மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் அரக்கன் உள்ளே வந்து அமர்ந்துவிட்டான். வீரபாகு வில்லைப் பிடிக்க, காத்தவராயன் தேய்த்தான். பிறகு அவன் பிடிக்க, இவர் தேய்த்தார். தாம் நேற்று ஒரு பகல் முழுதும் போராடிப் போக்கிய பிசினை இன்று தம் கையாலேயே அப்பும்போது, ஒவ்வொரு வில்லுக்கும் வீரபாகுவின் வயிறு ஒருமுறை எரிந்தது. வெண்பொடி இருவர் மீசையிலும் படிந்தது, அருணாச்சலத்தின் கண்ணாடியில் படிந்தது, கூடமே தும்மிற்று. பத்தாவது வில்லை முடித்தபோது எவர் எத்தெருவினர் என்று முகத்தைக் கொண்டு சொல்ல முடியாதபடி எல்லாரும் ஒரே வெள்ளையாக இருந்தார்கள்.

பிள்ளைகள் மீண்டும் அமர்ந்தார்கள். அம்மணி வில்லை இழுத்தாள். அச்சில் எண்ணெய் காணாத பாரவண்டி மேடேறும்போது கத்துமே, அத்தகைய ஓர் ஓலம் எழுந்தது. கூடத்து வாயிலில் படுத்திருந்த நாய் எழுந்து, திரும்பிப் பாராமல் பேருந்து நிலையத்தின் திசையில் ஓடிற்று. ஆனால் அது ஓசை! வீரபாகு தம்மையறியாமல் கைதட்டினார். இரண்டாம் இழுப்பில் கரகரப்பு குறைந்தது. மூன்றாவதில் பொடி நன்கு படிந்து நரம்பைக் கவ்விற்று. நான்காவதில் லீலாவின் விரலும் அம்மணியின் வில்லும் கூடிய இடத்தில் ஒரு தெளிந்த சுரம் பிறந்து, தூண்களைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று. மற்ற ஒன்பதும் அதனோடு சேர்ந்தன. முப்பது பிள்ளைகள் பத்துக் கருவிகளில் ஏழு சுரங்களையும் ஏறி இறங்கி, தாலாட்டு ஒன்றையும் பிழையின்றி வாசித்து முடித்தார்கள். வீரபாகு மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, குங்கிலியம் கண்ணில் பட்டுவிட்டதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அருணாச்சலம் முன்பு எழுதத் தொடங்கிய தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்தார். பத்துக் கருவிகளும் ஆரணிக்கே உரியன என்று எழுதினார். கீழே இன்னொரு வரியும் சேர்த்து, அதை உரக்கப் படித்தார். "பெட்டியின் சாவி இன்றுமுதல் ஆசிரியையிடம் இருத்தல் வேண்டும். திரு. வீரபாகு அவர்கள் கருவி, வில், நரம்பு, பிசின், பெட்டி ஆகிய எவற்றையும் எக்காரணம் கொண்டும் தொடலாகாது." கூடம் சிரித்துக் கலைந்தது. எல்லாரினும் உரக்கச் சிரித்தவள் கமலம். வீரபாகு பெட்டிச் சாவியை ஆதிலட்சுமியின் கையில் வைத்தார்; நிமிர்ந்து பார்க்காமல், ஆனால் கைமேல் கையாகவே வைத்தார்.

அந்தத் தடையை அவர் மீறவில்லை. ஆயினும் திருத்தும் கை திருந்துமா? அதில் பாயைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மறுநாள் உச்சிவேளையில், தறியைக்கூட நிறுத்திவிட்டு, அவர் கூடத்துக்குப் போய் இரண்டு கோரைப்பாய்களையும் பக்கம் பக்கமாகக் கிடத்தி, சேலை நெய்து மிஞ்சிய பட்டிழையைக் கையிலெடுத்து, உடலோடு கரையைப் பூட்டுவதுபோல், கோரைக்குக் கோரை கோர்வை போட்டு அவற்றை ஒன்றாக்கினார். மாலையில் பிள்ளைகள் வந்தபோது கூடம் முழுதும் ஒரே பாயாகக் கிடந்தது. லீலாவும் அம்மணியும் மண்டியிட்டு, பழைய ஓரம் எங்கே போயிற்று என்று விரலால் தடவித் தடவித் தேடினார்கள். இங்கே என்றாள் ஒருத்தி, இல்லை அங்கே என்றாள் மற்றவள். பிசினைப் போக்கினால் ஒளிரும் இழையும் உண்டு, பிசின் இருந்தால் மட்டுமே பேசும் இழையும் உண்டு என்பதை நாற்பத்தைந்து அகவையில் கற்றுக்கொண்ட மனிதர், வெற்றிலை வாங்கும் பாவனையில் வாயிலில் நின்று, அவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடக்கூடாதே என்ற கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க முடியாதபடி சேர்ப்பதற்குப் பெயர்தானே கோர்வை.